பாவா நடித்த படம்

ஓடாத படங்களைச் சேர்ப்பவன் என்று எங்கள் தெருவில் எனக்குப் பெயர். அது பாதிதான் உண்மை. ஓடிய படங்களையும் சேர்த்தேன், ஆனால் அவை ஓடி முடித்து, யாரும் சீண்டாமல் மூலையில் கிடக்கும்போதுதான் என் கண்ணில் படும். கறுப்பு வெள்ளையில் வாள் சுழற்றும் ராஜகுமாரர்கள், நாய் துப்பறியும் படங்கள், ஒரே நடிகர் தூணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று தன்னோடு தானே சண்டை போடும் இரட்டை வேஷப் படங்கள். எல்லாம் வீடியோ கேசட்டில்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. திருத்தணியில் கல்யாணம், காதுகுத்து என்றால் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் புதுப்படமாகப் போட்டுத் தள்ளுவார்கள். நான் மெட்ராஸில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. தினம் ரயிலில் போய் வருவேன். ஆபீஸ் விட்டதும் கேசட் கடைகளில் நுழைந்துவிடுவேன். வாடகைக்குப் போகாத பழைய படங்களைக் கடைக்காரர்கள் எனக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பார்கள். அவர்களுக்கு இடம் மிச்சம், எனக்குப் படம் லாபம்.

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டு மாடியில் ஓர் அறையில் இருந்தேன். டிவியும் டெக்கும் கீழே அக்காவின் கூடத்தில். "ஊர்ல ஓடாத படமெல்லாம் நம்ம வூட்ல வந்து ஓடுது" என்பாள் அக்கா. வீட்டுக்குப் பின்னால் பாவாவின் விசைத்தறிக் கொட்டகை. பாவா என்றால் அக்கா புருஷன். தறியிலிருந்து பறந்து வரும் பஞ்சு டெக்குக்குள் போனால் படம் முழுக்க மழை பெய்யும். அதனால் பாவா நெய்த லுங்கியிலேயே ஒன்றை வாங்கி டெக்குக்குப் போர்த்தியிருந்தேன். இன்னும் பல சட்டங்கள் போட்டிருந்தேன். கேசட்டைப் படுக்க வைக்கக் கூடாது, நிற்க வைக்க வேண்டும். முக்கியமாக, படத்தை நடுவில் அசையாமல் நிறுத்தி வைத்துப் பார்க்கக் கூடாது. அப்படி வைத்தால் டேப் ஒரே இடத்தில் உரசித் தேய்ந்து போகும். இதை நான் சொல்லாத நாள் கிடையாது. கேட்டவர்கள் கிடையாது.

இவ்வளவு கிறுக்குக்கும் மூலகாரணம் பாவாதான். அவர் வாலிபத்தில் ஒரு சினிமாவில் நடித்திருந்தார். அப்படி அவர்தான் சொன்னார்.

ஆடிக் கிருத்திகை அன்று எங்கள் திருத்தணி மலையில் ஒரு பாட்டுப் படம் பிடிக்க வந்தார்களாம். பாவா மொட்டை போட்டு, சந்தனம் பூசி, காவடியோடு படியேறிக் கொண்டிருந்தாராம். இது நான் சின்ன வயதில் கேட்டது. வருஷம் ஏற ஏறக் கதையும் படியேறியது. முதலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவர், பிறகு ஹீரோவுக்குப் பக்கத்தில் நின்றார். அப்புறம் டைரக்டரே கூப்பிட்டு நிறுத்தினார். கடைசியாக நான் கேட்டபோது ஹீரோ தான் குடித்த சோடாவில் மீதியை அவரிடம் நீட்டியிருந்தார்.

"ஆங், கேமராவே இவரப் பாக்கத்தான் மெட்ராஸ்லருந்து வந்துச்சு" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இந்தப் பேச்சு வந்தாலே அவள் அங்கே நிற்க மாட்டாள்.

எனக்குப் பொறுக்காது. சினிமா விஷயத்தில் யாராவது அளந்து விட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு பொங்கலன்று, வீடு நிறைய சொந்தக்காரர்கள் இருக்கும்போது பாவா சோடாக் கதையை எடுத்தார். நான் குறுக்கே புகுந்தேன்.

"பாவா, அந்தப் படத்த எப்படியாவது புடிச்சுக்கினு வரேன். அதுல நீங்க இருந்தா என் மீசைய எடுத்துடறேன்."

கூடம் சிரித்தது. பாவா சிரிக்கவில்லை. "இல்லாங்காட்டி இந்தக் கதைய இனிமே என் வாயால எடுக்க மாட்டேன் மச்சான்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. தறிச் சத்தத்துக்கு நடுவே காலம் தள்ளும் மனிதருக்கு, நாலு பேர் நடுவில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஒரு கதைதான்.

பாவா சொன்ன ஹீரோ பேரையும் கதையையும் வைத்துப் பல மாதம் அலைந்தேன். கடைசியில் மவுண்ட் ரோடு பக்கத்தில் ஒரு கடையின் பரண் மேலிருந்து அந்தக் கேசட் இறங்கியது. பூசணம் பிடித்திருந்தது. துடைத்து, வெயில் படாமல் ஆறப்போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டேன். பாவா வெள்ளை வேட்டியில் முன்னால் உட்கார்ந்தார். தலைகூட வாரியிருந்தார்.

பாட்டு வந்தது. பாவா தினம் தறியில் பாடும் அதே மெட்டு. "தோ, இதான், இதான்" என்று முன்னால் நகர்ந்தார். திரையில் மலையும் வந்தது. ஆனால் அது எங்கள் மலை இல்லை. பழனி. ஹீரோ பழனிப் படிகளில் ஏறினார், பழனிக்காரர்கள் கூட ஏறினார்கள், பழனியிலேயே பாட்டு முடிந்தது.

யாரோ ஒருவர் "பாவா பழனிக்கும் போயிருப்பாரு" என்றார். வீடே குலுங்கிச் சிரித்தது. பாவாவும் சிரிக்கப் பார்த்தார். பிறகு தறியில் நூல் அறுந்திருக்கும் என்று சொல்லி எழுந்து போனார். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. அக்கா மட்டும் டிவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜெயித்தவன் நான். மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்திருக்க வேண்டும். ஆனால் பாவா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சினிமாப் பேச்சு வந்தால் வாயை மூடிக்கொண்டார். ஆடிக் கிருத்திகைக்குச் சொந்தக்காரர்கள் வந்து, வேண்டுமென்றே வாயைக் கிண்டியும் பேசவில்லை. சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனார். எனக்கு அந்தச் சோடாக் கதை இல்லாமல் வீடு நன்றாகவே இல்லை. அவர் இன்னும் பெரிய பொய்யாக ஒன்றைச் சொல்லக் கூடாதா என்றிருந்தது.

அப்புறம் ஒருநாள் கரண்ட் போனது. நான் லீவில் வீட்டில் இருந்தேன். தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. கதை சொல்வதை விட்டாலும் பாவா பாடுவதை விடவில்லை. தறிச் சத்தத்துக்கு மேல் பாடிப் பழகிய தொண்டை, சத்தம் நின்றது தெரியாமல் அடுத்த வரியையும் பாடிவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பாட்டின் வார்த்தைகள் என் காதில் தெளிவாக விழுந்தன. அத்தனையும் தெலுங்கு.

கொட்டகைக்கு ஓடினேன். "பாவா, அந்தப் படத்த எங்க பாத்தீங்க?"

"நகரி சினிமாக் கொட்டாயில." நகரி எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திரா.

"தமிழ்லயா, தெலுங்குலயா?"

பாவா நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "படத்துல பேசினாங்க மச்சான். எல்லாம் புரிஞ்சுது. அழுகைகூட வந்துச்சு."

வேறு ஊர்க்காரனுக்கு இது புரியாது. எங்கள் வீட்டில் ஒரு பேச்சு தமிழில் கிளம்பித் தெலுங்கில் போய் இறங்கும். அப்பாவை நைனா என்போம், அவரைப் பற்றிய புகாரைத் தமிழில் சொல்வோம். இந்தப் படம் இந்தப் பக்கம், அந்தப் படம் அந்தப் பக்கம் என்று நாங்கள் பார்த்ததில்லை. எந்தக் கொட்டாய், இடைவேளையில் என்ன தின்றோம், யார் முதலில் அழுதார்கள் என்பதெல்லாம் பல வருஷம் ஞாபகமிருக்கும். எந்தப் பாஷை என்பது மட்டும் வீடு வந்து சேருவதற்குள் மறந்துவிடும். அந்தக் காலத்தில் ஒரே ஹீரோவை வைத்து ஒரே கதையைத் தமிழில் ஒன்றும் தெலுங்கில் ஒன்றுமாக எடுப்பார்கள். தமிழ் ஜனங்களுக்குப் பழனியைக் காட்டியவர்கள், தெலுங்கு ஜனங்களுக்கு அவர்கள் காவடி தூக்கி வரும் திருத்தணி மலையைக் காட்டியிருக்கிறார்கள். சினிமாவைக் கரைத்துக் குடித்தவன் என்று பேர் வாங்கிய எனக்கு இது தோன்றவே இல்லை.

அந்த ஞாயிறே நகரிக்கு பஸ் ஏறினேன். மெட்ராஸெல்லாம் சுற்றியவனுக்கு, நகரியில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கேசட் கடையில், சாமி படங்கள் அடுக்கிய வரிசையிலேயே அது கிடைத்தது.

இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை. அக்கா, பாவா, நான். பாட்டு வந்தது. எங்கள் மலை வந்தது. அந்தப் படிகள், அந்தக் கூட்டம், அந்தப் புழுதி. காவடிகள் ஆடி ஆடி மேலே வந்தன. அவற்றைச் சுமந்து வந்தவர்கள் அத்தனை பேரும் மொட்டை.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கிருத்திகை நாளில் திருத்தணியில் மொட்டையைத் தேடினால் எந்த மொட்டையென்று தேடுவது? ஒரே சந்தனம், ஒரே காவி. பாவா எழுந்து போய், ஹீரோவின் தோளுக்குப் பக்கத்தில் கம்பீரமாக நின்ற ஒரு மொட்டையின் மேல் விரலை வைத்தார். "நான்தான் மச்சான்."

"அது நீங்க இல்ல" என்றாள் அக்கா.

நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம்.

"பின்னாடி பாரு. எல்லாரும் கேமராவப் பாத்துகினு வராங்க இல்ல, ஒருத்தர் மட்டும் முதுகக் காட்டிகினு அந்தப் பக்கம் திரும்பிகினு இருக்காரு பாரு. அதான் உங்க பாவா."

"முதுகப் பாத்து எப்பிடிக்கா சொல்ற?"

"அவரு யாரப் பாக்கத் திரும்பினாருன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வழக்கம்போல அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என் சட்டத்தை நானே மீறினேன். டேப்பைப் பின்னால் ஓட்டி, அந்த இடத்தில் அசையாமல் நிறுத்தினேன். ஒரு மொட்டைத் தலை, காவடியோடு, ஹீரோவையும் கேமராவையும் விட்டுவிட்டு ஓரமாகத் திரும்பியிருந்தது. அது பார்த்த திசையில், படத்தின் விளிம்பில், தாவணி போட்ட ஒரு பெண். பாதி முகம்தான் தெரிந்தது. மீதிப் பாதி டிவிக்கு வெளியே போய்விட்டது. அந்தப் பாதியே எனக்குப் போதும். தினம் எனக்குச் சோறு போடும் முகம்.

நைனா பார்த்து முடித்த கல்யாணம், அதற்கு முன்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததுகூட இல்லை என்றுதான் எங்கள் குடும்பத்தில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். பாவாவைப் பார்த்தேன். காது மடல் வரை சிவந்துபோய் லுங்கியை எடுத்து டெக்கைப் போர்த்தப் போனார். படம் இன்னும் திரையில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. சோடா கொடுத்த கதை, டைரக்டர் கூப்பிட்ட கதை எல்லாம் எதை மறைக்க என்று அப்போதுதான் விளங்கியது.

"மீசையெல்லாம் எடுக்க வேணாம், வுடு மச்சான்" என்றார் பாவா பெருந்தன்மையாக.

அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "சொன்னா சொன்னதுதான். பிளேடு அலமாரியில கீது."

மறுநாள் ரயிலில், தலையை விட்டுவிட்டு மீசையை மட்டும் முருகனுக்குக் கொடுக்கிற வேண்டுதல் எந்த ஊர் வழக்கம் என்று கூட வரும் நண்பர்கள் கேட்டுக் கேட்டு என்னைக் கொன்றுவிட்டார்கள்.

பாவா கதை மறுபடி தொடங்கியது. மொட்டை இப்போது நிரந்தரமாக ஹீரோவுக்குப் பக்கத்தில் நின்றது. நான் மறுத்துப் பேசவில்லை.

சில மாதம் கழித்து, மெட்ராஸ் நண்பர் ஒருவருக்குப் பிரதி எடுக்க அந்தக் கேசட்டைப் போட்டேன். பாட்டு வரைக்கும் படம் பளிச்சென்று இருந்தது. பாட்டும் பளிச். அந்த இடம் வந்ததும் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடின, படம் நடுங்கியது, மொட்டையும் தாவணியும் புள்ளியாகச் சிதறின. அந்த இடத்தைத் தாண்டியதும் மறுபடி பளிச். என் ரத்தம் கொதித்தது. கொட்டகைக்குள் போய்க் கத்தினேன்.

"பாவா, நிறுத்தி வெச்சுப் பாத்தா தேயும்னு எத்தன தடவ சொல்லிகீறேன்!"

"நான் டெக்கத் தொட்டதே இல்ல மச்சான். அதுல எந்த பட்டன் எதுக்குன்னே எனக்குத் தெரியாது."

அது உண்மை. டிவி போடவே அக்காவைக் கூப்பிடுகிறவர் அவர். திரும்பிப் பார்த்தேன். அக்கா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். நான் ஆபீஸில் இருக்கும், பாவா தறியில் இருக்கும் மத்தியானங்கள் அவளுக்குச் சொந்தம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

"காப்பி ஆறுது பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிறு நகரிக்குப் போய், அதே படத்தில் இன்னொரு கேசட் வாங்கி வந்தேன். என் அலமாரியில் அதை அடுக்கவில்லை. லுங்கியை விலக்கி, டெக்கின் மேலேயே வைத்துவிட்டு மாடிக்குப் போனேன்.