அரை நிமிட நிபுணர்

போன வாரம் என் நண்பர் நிஸாமை டிவியில் பார்த்தீர்களா? அரை நிமிடம் வந்தார். பிளேன்டீ ஊற்ற எழுந்து போயிருந்தால் தவறவிட்டிருப்பீர்கள்.

பரீதா ராத்தா தவறவிடவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

நிஸாம் பல்கலைக்கழகத்தில் சர்வதேச அரசியல் படிப்பிக்கிறார்; ஊருக்கே அவர் 'சேர்'. மத்திய கிழக்கைக் கரைத்துக் குடித்தவர். வளைகுடாப் பக்கம் சண்டை மூண்டதும் ஒரு சேனலிலிருந்து கெலிஓயா ஊரில் உள்ள அவர் வீட்டுக்கே வந்து நீண்ட நேரம் பேட்டி எடுத்தார்கள். அவர் சொன்னது இதுதான்: "சண்டை உடனே பரவும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் என் கணிப்புப் பிழைக்கலாம். அங்கே வேலை செய்யும் நம் பெண்கள் இப்போதே திரும்பிவிடுவது நல்லது."

ஒளிபரப்பானது முதல் வசனம் மட்டும்!

பரீதா ராத்தா நாலு வீடு தள்ளி இருப்பவர்; எங்கள் எல்லோருக்கும் அக்கா மாதிரி. மகள் ஸிபானா வளைகுடாவில் ஒரு வீட்டில் பணிப்பெண். பயந்துபோய், ஊருக்கு வர டிக்கட்டும் போட்டிருந்தாள். டிவியைப் பார்த்த ராத்தா உடனே மகளுக்குப் போன் எடுத்தார்.

"நம்மட நிஸாம் சேரே சொல்லிட்டாரு, சண்ட பரவாதாம். அவசரப்படாத மகள், கான்ட்ராக்ட முடிச்சிட்டு வா."

ஸிபானா டிக்கட்டை ரத்துச் செய்தாள். அந்த வாரமே சண்டை பரவியது. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். அவளுடைய போன்... வேலை செய்யவே இல்லை.

விஷயம் தெரிந்ததும் நிஸாம் இடிந்துபோனார். தனியாகப் போகத் தைரியமில்லாமல் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். ராத்தா ஏசுவார், அழுவார் என்று நினைத்துத்தான் போனோம். அவரோ கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"டிவிக்காரங்க என் பேச்ச வெட்டிட்டாங்க ராத்தா. புள்ளைகள இப்பவே வரச் சொல்லித்தான் நான் சொன்னேன்" என்றார் நிஸாம்.

"அதெல்லாம் போகட்டும் சேர். இப்ப சொல்லுங்க... புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுதானே? நீங்க சொன்னா எனக்குப் போதும்."

நிஸாம் கோபத்தைக்கூடத் தாங்கியிருப்பார். இந்த நம்பிக்கையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அதே சேனல் மறுபடி கூப்பிட்டது. வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. நேரடி ஒளிபரப்பு என்றால் மட்டும் வருவதாகச் சொல்லிப் போனார். நேரடியில் வெட்ட முடியாதே!

"என் கணிப்புப் பிழைத்துவிட்டது. இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அரசாங்கம் விமானம் அனுப்பி நம் பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டும்" என்றார்.

அறிவிப்பாளர் சிரித்தபடி நன்றி சொன்னார். சவர்க்கார விளம்பரம் வந்தது.

மறுநாள் காலை நிஸாமின் வீட்டு வாசலில் ராத்தா நின்றார். அபாயா உடுத்தி, பயணத்துக்குத் தயாராக. கையில் ஒரு பை — அதற்குள் மகளுக்கு மாற்றுடுப்பு.

"ப்ளேன் அனுப்புறாங்கன்னு சொன்னீங்களே சேர்... எத்தன மணிக்கு வருது?"

இதை எழுதும்வரை எந்த விமானமும் போகவில்லை. ஸிபானாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

நிஸாம் இப்போது டிவி பக்கமே திரும்புவதில்லை. ராத்தா பார்க்கிறார் — ஒரு சேனல் விடாமல்.