நாலு மார்க் போட்ட உலகம்

என் பிழைப்பே குறை சொல்வதுதான். உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு வியாபாரியிடம் ஏலக்காய் தரம் பார்க்கும் வேலை. மூட்டை வந்து இறங்கியதும் கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளுவேன். நிறமும் பருமனும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் இந்தத் தொழிலில் கண்ணை நம்பிக் கெட்டவர்கள் நிறையப் பேர். புது மாப்பிள்ளை மாதிரி பச்சையாகப் பளபளவென்று இருக்கும் காயை உடைத்தால் உள்ளே அரிசியே, அதாவது விதையே, இருக்காது, வெறும் காற்று. அதனால் ஒரு லிட்டர் பாத்திரத்தில் காயை நிரப்பி நிறுத்துப் பார்ப்போம். அதற்கு லிட்டர் வெயிட் என்று பேர். எடை வந்தால் காய், வராவிட்டால் தோல். மூட்டையில் ஒரு தரம் எழுதிவிட்டால் பிறகு அதை அடித்துத் திருத்துவதில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை வேதவாக்காக நம்பி இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

கம்ப்யூட்டர் விளையாட்டுகளையும் இதே கையால்தான் அளந்தேன். ஓப்பன் வேர்ல்டு என்று சொல்லி விற்பார்களே, எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று, அந்த வகை எனக்குப் பைத்தியம். பைத்தியம் என்பதால்தான் கோபமும். மலை, ஆறு, நாலு பட்டணம் என்று வரைபடம் விரியும். பத்து மணி நேரம் ஆடினால் சங்கதி தெரிந்துவிடும். ஒரே கோபுரத்தை இருபது இடத்தில் நட்டு வைத்திருப்பார்கள், ஒரே திருடன் இருபது சட்டையில் வருவான். பத்திரிகைக்காரர்கள் அதற்குப் பத்துக்கு ஒன்பது போடுவார்கள். வாங்கி ஆடியவர்கள், டவுன்லோடு ஆக நேரமானது என்று பூஜ்யம் போடுவார்கள். ஏழு மார்க் என்றால் எங்கள் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுப்போம். அங்கே ஏழு வாங்கியது செத்த விளையாட்டு. இந்தக் கூத்துக்கு நடுவில் நேர்மையாக எடை போடுகிற ஆள் நான் ஒருவன்தான் என்கிற திமிர் எனக்கு உண்டு. விளையாட்டு விற்கும் தளத்தில், தெரிந்த இங்கிலீஷில், பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுவேன்.

கல்யாணமான புதிதில் இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் என் மனைவி. அவள் நர்ஸ். பூண்டு உரித்துக்கொண்டே திரையைப் பார்ப்பாள். நான் எவனையாவது துரத்திக்கொண்டு ஓடினால், "அவன் போனாப் போறான், விடுங்க. அந்தப் பூவு என்ன கலரு, நின்னு பாருங்களேன்" என்பாள். நான் நின்றதில்லை. விளையாட்டில் மட்டுமல்ல. பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏலத்தோட்டத்துக்குள் ஒற்றையடிப் பாதையில் அரை மணி நேரம் ஏற வேண்டும். நான் பிறந்ததிலிருந்து ஏறுகிற மேடு, கால் தானாகப் போகும். அவள் கீழே கம்பத்துக்காரி, அவளுக்கு மூச்சு வாங்கும். "மெதுவாப் போங்க" என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு என்னை நிறுத்துவதற்காக விசிலடிக்கப் பார்த்தாள். அவளுக்கு விசில் வராது. உதட்டைக் குவித்து ஊதினால் புஸ்ஸென்று காற்றுதான் வரும். நான் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி ஏறுவேன். ஒன்பது மாதம் ஒரே வீட்டில் இருந்தோம். அந்த ஒன்பது மாதத்தில் ஒரு நாள்கூட அவள் பக்கத்தில் நடக்கவில்லை என்பது அவள் அயர்லாந்துக்கு வேலைக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

எனக்கு விசா இன்னும் வரவில்லை. தினமும் போனில் பேசினோம். முதல் மாதம் பேச்சு மழையாகக் கொட்டியது. அப்புறம் அது "சாப்டீங்களா", "சாப்ட்டேன்", "நீ?" என்று சுருங்கிப்போனது. அன்பு குறைந்துவிடவில்லை. வீடியோவில் முகத்துக்கு நேராக முகம் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் சேதி சொல்வது? அவள் பன்னிரண்டு மணி நேரம் நோயாளிகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்திருப்பாள். போனை வைத்த பிறகு அந்த அமைதி என் நெஞ்சில் கல்லாக உட்காரும். ஒரே கூரையின் கீழ் பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்று அப்போது தெரிந்தது.

அந்த நாட்களில்தான் ஒரு விளையாட்டைத் தள்ளுபடியில் வாங்கினேன். பெரிய தீவு, முழுக்கப் புல்லும் மழையும். எதிரி இல்லை, கடை இல்லை, சாமான் சேர்ப்பது இல்லை. நடக்கலாம், உட்காரலாம். வேறு ஆட்களும் அங்கே நடப்பார்கள். அவர்களோடு பேச வழி கிடையாது, ஒரு பொத்தானை அமுக்கினால் விசிலடிக்கலாம், அவ்வளவுதான். எனக்குக் கொதித்துவிட்டது. பத்துக்கு நாலு போட்டேன். "எங்கள் ஊரில் ஏலக்காயை லிட்டர் வெயிட் பார்த்து வாங்குவோம். இந்தக் காய் பெரியது, உள்ளே அரிசி இல்லை. நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான், வேறு ஒரு வேலையும் இல்லை" என்று எழுதினேன். அந்த உவமை எப்படியோ பிடித்துக்கொண்டது. உபயோகமான விமர்சனம் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். அந்த விளையாட்டின் பக்கத்தைத் திறந்தால் முதலில் என் நாலு மார்க்தான் நிற்கும். எவனோ ஒருவன் வேறொரு விளையாட்டைத் திட்டும்போது லிட்டர் வெயிட் குறைவு என்று எழுதியிருந்தான். நான் அதை மொபைலில் காட்டாத ஆள் எங்கள் கடைத்தெருவில் இல்லை. கடை முதலாளி மலையாளி, வாசித்துவிட்டு, "கொள்ளாம்" என்றார், நன்றாக இருக்கிறதாம்.

சில வாரம் கழித்து அவள் போனில், "ஏங்க, லேப்டாப்புல ஒரு கேம் வாங்கிருக்கேன். நைட் டூட்டி முடிச்சு வந்ததும் கொஞ்ச நேரம் ஆடலாம்னு. நீங்களும் வாங்களேன்" என்றாள். பேரைச் சொன்னாள். அதே தீவு. நாலு மார்க் கதையை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை.

அவளுக்குக் காலை எட்டு மணி, எனக்கு மத்தியானம் ஒன்றரை. கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் போடுவேன். தீவின் கரையில் அவள் ஆள் ஒரு மஞ்சள் சால்வையோடு நிற்கும். பேச முடியாது, முகம் தெரியாது. சேர்ந்து நடப்போம். முதல் நாள் பழக்க தோஷத்தில் நான் ஓடினேன். பின்னால் விசில் கேட்டது, இரண்டு தடவை. அவளுடைய விசில்! உள்ளூரில் காற்று மட்டும் வந்த வாய்க்கு, கடல் தாண்டிப் போய்ச் சுத்தமான விசில் வந்துவிட்டது. ஒரு விசில் என்றால் இங்கே பார், இரண்டு என்றால் மெதுவாகப் போ. நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாக அமைந்தது. அவள் புல்லுக்குள் நிற்பாள், மழையைப் பார்ப்பாள், ஒரு கல்லில் உட்காருவாள். நானும் உட்காருவேன். அரை மணி நேரம் போனதும் விசிலடித்துவிட்டு அவள் தூங்கப் போவாள், நான் கடைக்குப் போவேன். அந்த அரை மணி நேரத்துக்காக மற்ற இருபத்து மூன்றரை மணி நேரத்தைத் தள்ளினேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அதுதான் குடும்பம்.

ஏழு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் திரையில் அறிவிப்பு வந்தது. ஆட்கள் போதவில்லை, தீவை மூடுகிறோம், இத்தனையாம் தேதிக்குப் பிறகு யாரும் உள்ளே வர முடியாது, இதுவரை நடந்தவர்களுக்கு நன்றி. விற்கும் தளத்தில் அந்த அறிவிப்புக்குக் கீழே விளையாட்டுக்காரர்கள் அடித்துக்கொண்டார்கள். விமர்சனங்களைப் படித்துவிட்டு வாங்காமல் போனவர்கள்தான் இதைக் கொன்றார்கள் என்றான் ஒருவன். முதலில் நிற்கிற அந்த ஏலக்காய்க்காரனைக் கேளுங்கள் என்றான் இன்னொருவன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதுதான். அன்றைக்கே நாலை அழித்துப் பத்து போட்டேன். பதினொரு வரியில் எழுதியிருந்ததை எடுத்துவிட்டு மன்னிப்பு மாதிரி ஏதோ எழுதினேன். வாழ்நாளில் எழுதிய தரத்தை அடித்துத் திருத்தியது அந்த ஒரு தடவைதான். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை, தேதி மாறவில்லை.

அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து போன் போட்டேன்.

"அந்தத் தீவுக்கு நான்தான் நாலு மார்க் போட்டேன். மொதல்ல நின்னது என்னோடதுதான்" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

"எப்டி?"

"லிட்டர் வெயிட்டுன்னு எழுத உங்கள விட்டா உலகத்துல வேற யாரு இருக்கா? ராத்திரி டூட்டில நோயாளிங்க அசந்து தூங்குனா உங்க விமர்சனத்தத்தான் ஒவ்வொண்ணாப் படிப்பேன். போன்ல எங்கிட்டப் பேசுறதவிட அங்கிட்டு நெறையப் பேசிருக்கீங்க."

அவளே தொடர்ந்தாள். "எல்லாத்தையும் திட்டிருந்தீங்க. இதுல மட்டும், நடந்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான், வேற ஒரு வேலையும் இல்லன்னு இருந்துச்சு. அதப் படிச்சுத்தான் வாங்குனேன். இந்த மனுசன் எங்கூட நடக்காமத் தப்பிக்க முடியாதுல்ல? உபயோகமா இருந்துச்சுன்னு நானும் அந்த வெரல அமுக்கிருக்கேன்."

சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீடியோ இல்லாதது நல்லதாகப் போயிற்று.

தீவை மூடும் நாள் வந்தது. மூடும் நேரம் நம் கணக்குக்கு மத்தியானம் இரண்டே கால். முதலாளியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு வந்தேன். காலையிலிருந்தே மலையில் மழை. இங்கே நாலு சொட்டு விழுந்தால் கரண்ட் போய்விடும். போகக் கூடாது என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு நேர்த்திக்கடன் வைத்த முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். கரண்ட் போகவில்லை. கரையில் மஞ்சள் சால்வை நின்றது.

தீவின் நடுவில் ஓர் உச்சி உண்டு. இத்தனை மாதத்தில் நாங்கள் அங்கே போனதில்லை, அவள் பாதி வழியிலேயே எங்காவது உட்கார்ந்துவிடுவாள். கடைசி நாள், அதை அவளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு வெறி வந்துவிட்டது. மேட்டில் ஏறத் தொடங்கினேன். அங்கங்கே நின்றிருந்த வேறு ஆட்களெல்லாம் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள், அந்நியர்கள், விடைபெறுகிறார்கள். பாதி மலையில் இரண்டு விசில் கேட்டது. அவளுடையதுதான். இன்னும் ஐந்து நிமிடம்தான் இருக்கிறது, சீக்கிரம் வா என்று மனசுக்குள் கத்திக்கொண்டு ஏறினேன். மறுபடி இரண்டு விசில். நான் நிற்கவில்லை. உச்சிக்குப் போய்த் திரும்பினேன். கீழே புல்லுக்கு நடுவில் மஞ்சளாக ஒரு புள்ளி வந்துகொண்டிருந்தது. திரை கறுத்தது. தொடர்பு இல்லை என்று ஒரு வரி மட்டும் வந்தது.

அன்றைக்கு நான் கடைக்குத் திரும்பிப் போகவில்லை. தட்டில் சோறு காய்ந்தது. கடைசி நாளிலும் அவளை விட்டுவிட்டு முன்னால் போன கால்களை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஒன்றரைக்குப் போன் வந்தது. சாப்டீங்களா, சாப்ட்டேன், நீ? வழக்கமாக அப்புறம் அமைதிதான். அதற்குள் அவள், "போன ஸ்பீக்கர்ல வச்சு சட்டப் பையில போட்டுட்டு வெளிய எறங்கி நடங்க. பேச வேணாம். இன்னைக்கு டூட்டி முடிய லேட்டு, நானும் ஆஸ்பத்திரிலருந்து நடந்துதான் போய்க்கிட்டிருக்கேன்" என்றாள்.

போட்டேன். ஏலத்தோட்டத்துப் பாதையில் பஸ் நிறுத்தம் வரை இறங்கி, அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பி ஏறினேன். மழை விட்டிருந்தது. பையிலிருந்து அவள் ஊரின் வண்டிச் சத்தம், அவள் செருப்புச் சத்தம். கொஞ்ச தூரம் அதைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். மேடு வந்ததும் கால் பழைய புத்தியில் வேகம் பிடித்தது, என் செருப்புச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

அப்போது நெஞ்சுக்குப் பக்கத்தில் புஸ்ஸென்று காற்று ஊதும் சத்தம் கேட்டது. இரண்டு தடவை.

நின்றேன். அவள் செருப்புச் சத்தம் பக்கத்தில் வரும்வரை நின்று, பிறகு மெதுவாக ஏறினேன்.