சனிக்கிழமை அக்கா

பாளையங்கோட்டையில் எங்கள் வேதக்கோயிலுக்குப் பின்னாலிருந்த ஓலைக் கொட்டகையில், சனிக்கிழமைதோறும் பெண்பிள்ளைகளுக்குத் தையலும் எழுத்தும் சொல்லிக்கொடுத்த அக்காவுக்குச் சம்பளம் கிடையாது. ஒற்றைநாடி உடம்பு. இடுப்பில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரி தொங்கும். நூலை ஒருநாளும் பல்லால் கடிக்க மாட்டார்.

கலியாணமாகிப் போன பிள்ளைகள் களக்காட்டிலிருந்தும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்தும் தாய்மாருக்கு எழுதுவார்கள். தாய்மாருக்கு வாசிக்கத் தெரியாது, அக்காவிடம்தான் கொண்டுவருவார்கள். அக்கா உரக்க வாசித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"ஒங்களுக்கு ஒருத்தியும் எழுத மாட்டாளாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பிழை இல்லாம எழுதுதாளுவல்லா, அது போதும்ட்டி" என்றார். தையலிலிருந்து முகத்தை நிமிர்த்தவில்லை.

எனக்கும் கலியாணமானது. அம்மாவுக்கு எழுதிய முதல் கடிதத்தின் அடியில், 'இதை வாசிக்கிற அக்காவைத் தினமும் நினைக்கிறேன்' என்று ஒரு வரி சேர்த்தேன்.

தலைப்பிரசவத்துக்கு வந்தபோது அதைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன்.

"அப்படி ஒண்ணும் அவ வாசிக்கலையேட்டி" என்றாள்.

பெட்டியிலிருந்த கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அடியில் அந்த ஒரு வரி மட்டும் இல்லை. நூல் பிடித்தாற்போல் நேராகக் கத்தரித்து எடுத்திருந்தது.