கீழ் அறையிலிருந்து வந்த படம்

நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், மூன்று மணிக்குமேல். விடுமுறை நாள். அந்த நான்கு மாடி அலுவலகத்தில் எங்கள் இருவரைத் தவிர ஈ காக்கைகூட இல்லை.

வேலை சின்னதுதான். தரைத்தளத்து அறையில் இருக்கும் கம்ப்யூட்டரின் படம் நான்காம் மாடி டிவியில் தெரிய வேண்டும். டிவிக்குப் படம் கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ. கேபிள் அவ்வளவு தூரம் தாங்காது. அதனால் சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் நெட்வொர்க் கேபிளின் இரு முனையிலும் ஒவ்வொரு எக்ஸ்டெண்டர் பெட்டி மாட்டுவோம். கீழே உள்ளது படத்தை அனுப்பும். மேலே உள்ளது வாங்கும். முனைக்கு ஓர் ஆள் நின்று, போனில் பேசிப் பேசியே முடிக்க வேண்டிய வேலை.

கீழ் முனையில் என் அக்கா புருஷன். போன மாதம் அக்காவின் காதில் ரத்தம் வரும்படி அறைந்தவர். அன்றிலிருந்து வேலையைத் தவிர எங்களுக்குள் வேறு பேச்சில்லை. அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது. அதற்குள் என் வெறுப்பு நன்றாக வளர்ந்தது.

3:11. மேல் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்துவிட்டுப் போன் செய்தேன்.

“மச்சான், மேல ரெடி.”

“கத்தாத. கீழ் பெட்டிய நான் இன்னும் பிரிக்கவே இல்ல. உங்க வீட்டு ஆளுங்களுக்கு எல்லாமே அவசரம்தான்.”

வைத்துவிட்டார்.

3:14. டிவியில் படம் வந்தது.

கம்ப்யூட்டர் படம் இல்லை. கீழ் அறையே தெரிந்தது. தரையோடு தரையாக, சுவரில் கேபிள் சொருகும் துளையிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல. அங்கே கேமரா எதுவும் கிடையாது.

நாற்காலியில் அவர். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

அந்த முதுகுக்குப் பின்னால் ஒரு ஜோடி வெறுங்கால்கள்.

சர்ர்ர்… ஓர் அடி இழுத்து வைத்தன.

போன் என் கையில்தான் இருந்தது. ஒரு அழுத்து போதும். அழுத்தவில்லை. அக்காவின் காதில் வைத்திருந்த பஞ்சு நினைவுக்கு வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

3:15.

3:16. சர்ர்ர்… இன்னோர் அடி.

இரண்டு கைகள் தாழ்ந்தன. அவர் கழுத்தை நோக்கி…

3:17. அப்போதுதான் அழைத்தேன்.

“மச்சான்! பின்னாடி யாரோ நிக்கிறாங்க. வெளிய ஓடுங்க!”

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, அவர் குரல்.

“தெரியும். நீயும் மூணு நிமிஷமா பாத்துக்கிட்டுதானே இருக்க?”

டிவியில் இருந்தவர் போனை எடுக்கவே இல்லை. அவர் கைகள் நாற்காலியின் இருபுறமும் தொங்கிக் கிடந்தன.

படம் அணைந்தது.

படிகளில் விழுந்தடித்து ஓடினேன். கீழ் அறை வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. இடித்தேன். உதைத்தேன்.

“டேய்! உங்கப்பன் வீட்டுக் கதவாடா அது?”

பின்னால் மச்சான். வாயில் சிகரெட், கையில் சாவி. என்னிடம் பேசி முடித்ததுமே பூட்டிவிட்டுத் தெருவுக்குப் போனாராம். போன் உள்ளே சார்ஜில்.

திறந்தோம். நாற்காலி காலி. கீழ் பெட்டி அட்டைக்குள்ளேயே இருந்தது, ஒட்டிய டேப்கூடப் பிரியாமல்.

டிவியில் பார்த்ததை அவரிடம் நான் சொல்லவில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலை மறித்து நின்றாள்.

“மூணு இருபதுக்கு அவரு போன்ல இருந்து நீதானே பேசுன?”

“நான் பேசலக்கா.”

“உன் குரல் எனக்குத் தெரியாதா? ‘செத்துத் தொலையட்டும்னு சும்மா பாத்துக்கிட்டே இருந்தேன்க்கா’ன்னு சொல்லிட்டு… அவ்வளவு நேரம் சிரிச்சியேடா…”