நான் தொடவிடாத பெட்டி

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நாற்பது வருஷமாகப் பூ விற்கிறேன். நான் கட்டிய மாலை ஒன்றுகூட அவிழ்ந்ததில்லை.

எனக்குப் பின்னால் பஸ் நிழற்குடைச் சுவரில் ஒரு பெட்டியை மாட்டினார்கள். அதில் இதயப் படமும் மின்னலும் இருந்தன. எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. மின்னலைப் பார்த்து, கரண்டுப் பெட்டி என்று நானே முடிவு செய்துவிட்டேன். கிட்டே வந்தவர்களை எல்லாம், "தொடாத, ஷாக் அடிக்கும்" என்று விரட்டினேன். பூக்கூடைகளை அடுக்கி மறைத்தும் வைத்தேன்.

ஒரு நாள் காலை பக்கத்துப் பழக்கடை பாய், ஆப்பிளைத் துடைத்துக்கொண்டிருந்தவர், அப்படியே சரிந்தார். மூச்சு இல்லை. கல்வராயன் மலைக்குப் பஸ் ஏற நின்ற நர்ஸம்மா ஓடிவந்து அவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டே கேட்டார்.

"ஹார்ட் படம் போட்ட பொட்டி ஒண்ணு இங்க இருக்கணுமே, எங்கங்க?"

நான் மறைத்து வைத்த பெட்டிதான் அது. கூடைகளை உதைத்துத் தள்ளினேன். மல்லி முழுக்கத் தரையில் கொட்டியது. பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த கருவியை நானே எடுத்துக் கொடுத்தேன். நர்ஸம்மா பாயின் நெஞ்சில் இரண்டு பட்டைகளை ஒட்டினார்.

"யாரும் தொடாதீங்க, ஹார்ட்டுக்கு ஷாக் குடுக்கப் போறேன்" என்றார்.

பாயின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. நர்ஸம்மா மறுபடியும் அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் பாய் முனகினார்.

ஆயுத பூஜையன்று அந்தப் பெட்டிக்குப் பொட்டு வைத்தேன். தேறி வந்திருந்த பாய் சிரித்தார்.

"இன்னாம்மா, ஷாக் அடிக்காதா?"

"அதான் ஒங்களுக்கு அடிச்சாச்சே, பாய்."

இப்போது நான் வெயிலில் தள்ளி உட்காருகிறேன். பூ சீக்கிரம் வாடுகிறது. வாடட்டும், பெட்டிக்கு வழி இருக்கிறது.