காதுக்காரரின் ஸ்பீக்கர்

"கண்ணு தெரியாத ஒருத்தரோட மிஷின்ல சத்தம் நின்னுபோச்சுன்னா, நின்னுபோச்சுன்னு அவரு யாருக்கு, எப்படிடா எழுதுவாரு?"

என்னிடம் இப்படிக் கேட்டது சித்தி. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் அவள் வீட்டில் தங்கியிருந்தேன்.

சித்தி சவுண்ட் டிரைவர் எழுதுகிறவள். புது மாடல் லேப்டாப்பில் புதிதாக ஒரு ஆடியோ சிப் இருக்கும். அதை எப்படி எழுப்புவது, எவ்வளவு சத்தம் கொடுப்பது என்று இயங்குதளத்துக்குத் தெரியாது. அதைச் சொல்லித்தருகிற நிரல்தான் டிரைவர். எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால் இதற்குச் சம்பளம் கிடையாது. கம்பெனி வேலை முடிந்ததும் இதில் உட்கார்ந்துவிடுவாள்.

"நான் கூப்பிட்டா காது கேக்காது. எங்கேயோ ஒரு டப்பா ஊமையா கிடக்குன்னா மட்டும் ஓடுவா" என்பார் சித்தப்பா.

எல்லா மாடலையும் காசு கொடுத்து வாங்க முடியாது. அதனால் வைத்திருப்பவர்களுக்கு நிரலை அனுப்பி, என்ன கேட்கிறது என்று எழுதச் சொல்வாள். அப்படி எழுத வந்தவர்களில் ஒருவருக்கு அவள் வைத்த பெயர் காதுக்காரர். பார்வை இல்லாதவர், தனியாக இருப்பவர். திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக்காட்டும் மென்பொருள்தான் அவருக்குக் கண். அவருடைய புது லேப்டாப்பில் ஸ்பீக்கரும் ஊமை, ஹெட்போன் ஜாக்கும் ஊமை. ஒரு நண்பரின் யூஎஸ்பி ஸ்பீக்கரை இரவல் வாங்கிச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, குரல் வரல. ஆனா உள்ள 'டப்'புன்னு ஒண்ணு கேட்டுச்சு. உசுரு இருக்கு" என்று முதலில் எழுதினார்.

அடுத்த நிரலுக்கு, "வருது தங்கச்சி. கிணத்துக்குள்ள விழுந்தவன் கூப்பிடுற மாதிரி. பூனை எந்திரிச்சு ஓடிருச்சு. நண்பரு ஊருக்குப் போறாரு, ஸ்பீக்கரைக் கேக்குறாரு. கொஞ்சம் ஏத்திவிடும்மா."

சித்தி சிரித்துக்கொண்டே ஒரு எண்ணை மாற்றி, சத்தத்தை ஏற்றி அனுப்பினாள். கூடவே எழுதினாள்: "நல்லா ஏத்திட்டேன். அந்த ஸ்பீக்கரைத் திருப்பிக் குடுத்துடுங்க, இனிமே வேணாம். இப்ப நல்லா கேக்குதா?"

பதில் வரவில்லை.

"காய்ச்சல் போனப்புறம் டாக்டருக்கு யாரு போன் பண்ணுவா? நிம்மதியா பாட்டு கேட்டுக்கிட்டிருப்பாரு" என்றார் சித்தப்பா. சித்தியும் நம்பினாள்.

சில மாதம் கழித்து, பழைய சாமான் விற்கிற கடையில் அதே மாடல் கிடைத்தது. அதே நிரலைப் போட்டு, படித்துக்காட்டும் குரலை இயக்கி, தான் அவருக்கு எழுதிய கடிதத்தையே திரும்பத் திரும்பப் படிக்கவிட்டாள். உள்ளங்கையை ஸ்பீக்கர் மேல் வைத்துக்கொண்டாள். குரல் கணீரென்று வந்தது. சிரித்த முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தவள், சட்டென்று கையை எடுத்தாள். "சுடுதுடா."

கரகரவென்று ஒரு சத்தம், கருகல் நாற்றம். "திருப்பிக் குடு" என்பதோடு குரல் நின்றது.

ஆனால் திரையில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கடிதம் கடைசி வரி வரை படிக்கப்பட்டது. லேப்டாப்பைப் பொறுத்தவரை எந்தக் கோளாறும் இல்லை, அது பேசிக்கொண்டுதான் இருந்தது.

"அந்தக் குட்டி ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும்னு நான் பாக்கவே இல்ல" என்றாள். அப்போதுதான், முதலில் நான் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"போன்ல எழுதலாமே சித்தி?"

"மெயிலெல்லாம் அந்த மிஷின்ல மட்டும்தான்னு சொல்லியிருந்தாரு. நான் இப்ப எழுதுனாலும் யாருடா அவருக்குப் படிச்சுக்காட்டுறது? கையில இருந்ததையும் குடுத்துடுங்கன்னு நான்தானே சொன்னேன்?"

சித்தப்பா எழுந்துபோய், கருகல் நாற்றம் போக ஜன்னலைத் திறந்துவிட்டார்.

சத்தத்துக்கு வரம்பு போட்டு, ஹெட்போன் ஜாக்கையும் சேர்த்து டிரைவரைச் சரிசெய்தாள். அது இயங்குதளத்தில் சேர்ந்துவிட்டது. நன்றி சொல்லி யார் யாரோ எழுதினார்கள். ஒவ்வொரு கடிதத்தையும் திறந்து, அனுப்பியவர் யார் என்று பார்த்துவிட்டு மூடிவிடுவாள்.

கருகிய லேப்டாப் இன்னும் அவள் மேஜையில் இருக்கிறது. காலையில் அதைத்தான் முதலில் போடுகிறாள். பச்சைக் கோடு ஏறி இறங்குகிறது. முதுகைக் காட்டி உட்கார்ந்தால் பின்னால் யாரோ பேசுவது போலவே எனக்கு இருக்கும்.

"அணைச்சிரட்டுமா சித்தி?"

"இருடா, பேசிக்கிட்டிருக்கு" என்று தலையைச் சாய்த்துக் காது கொடுப்பாள்.

இதை அவரால் படிக்க முடியாது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். இந்தக் கதையை உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஊமை லேப்டாப்போடு, பூனை வந்துபோகிற வீட்டில், பார்வையில்லாத ஒருவரை யாராவது அறிந்திருந்தால் புது டிரைவரை ஏற்றிக்கொடுங்கள். எந்த ஹெட்போனைச் செருகினாலும் குரல் வரும். ஸ்பீக்கரைச் சித்தி மாற்றித்தருவாள். குரல் வந்ததும், சித்தி அன்று கேட்டதை அவரிடம் ஒரு தடவை கேளுங்கள்: "இப்ப நல்லா கேக்குதா?"