இரண்டு கையும் தூக்கிய மேஸ்திரி

இனிகோ மேஸ்திரி மெல்லப் பேசி யாரும் கேட்டதில்லை. புதுத் துறைமுகம் வந்த பிறகு அந்தக் குரல் இன்னும் ஒரு சுற்று ஏறிவிட்டது. பழைய துறைமுகத்தில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை இறக்கி வரும். பொழுது சாய்ந்தால் வேலையும் ஓய்ந்துவிடும். புதுத் துறைமுகத்தில் கப்பலே கரையோடு வந்து ஒட்டி நின்றது. தலைக்கு மேல் விளக்கு எரிய, கோதுமையும் உரமும் விடிய விடிய இறங்கின. அந்த வேலைக்கு ஆள் பொறுக்கும் மேஸ்திரிகளில் இனிகோவும் ஒருவர். தினமும் சாயங்காலம் துறைமுக வாசலில் அவர் வந்து நின்றால், ஒரு பெருங்கூட்டம் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும். பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டவன் உள்ளே போவான். மற்றவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடப்பான்.

இந்த அதிகாரத்தை விட்டால் அவருக்கு உயிர் ஆங்கர் கிளப்தான். கடற்கரைத் தெருப் பையன்களின் கால்பந்து அணி அது. ஞாயிற்றுக்கிழமை மாலை தருவை மைதானத்தில் ஆட்டம் என்றால், காலைப் பூசையில் முழந்தாளிடும்போதே அவர் மனம் கோல் கம்பத்துக்குப் போய்விடும். அணியில் பாதிப்பேர் அவரிடம் மூட்டை தூக்குகிறவர்கள். முன்னால் நின்று கோல் அடிக்கிற தனராஜைத் தன் பிள்ளை என்றே சொல்லிக்கொள்வார். சனிக்கிழமை ராத்திரி ஷிப்டுக்குக் கூலி அதிகம் என்பதால் அதற்கு அடிபிடியாக இருக்கும். அந்த ஷிப்டுக்கு இனிகோ முதலில் கூப்பிடுவது ஆங்கர் கிளப் பையன்களைத்தான்.

"நம்ம சென்டர் பார்வர்டு வாரான், வழி விடுங்கல" என்று சத்தம் கொடுப்பார்.

"பந்து ஒதைக்கத் தெரிஞ்சாத்தான் இங்கன மூடயத் தொடலாம் போலுக்கு" என்று யாராவது முணுமுணுப்பார்கள். அது காதில் விழுந்தாலும் அவருக்குப் பெருமைதான். கிளப்புக்கு இவ்வளவு செய்கிறவன் வேறு எவன் என்று நினைத்துக்கொள்வார்.

புதுத் துறைமுகம் வந்த அந்த வருஷம் கிளப் தோற்றது. ஒருமுறை இருமுறை அல்ல, தோற்பதையே தொழிலாக வைத்துக்கொண்டது. காயல்பட்டினத்திடம் தோற்றது. நாசரேத்திடம் தோற்றது. கடைசியில், பந்து எது பரங்கிக்காய் எது என்று தெரியாத ஒரு விளாத்திகுளம் அணியிடமும் தோற்றது. அன்று சங்கரபாண்டியன் டீக்கடையில் பெரிய விசாரணை நடந்தது. கடைக்காரரே கிளப்பின் செயலாளர்.

"கோல் காக்குத கோலி சரியில்ல" என்றார் ஒருவர். "சுவரு மாதிரி நிக்கான்னு சொன்னோம். சுவரு மாதிரியே குனியவும் மாட்டுக்கான்."

"கோலிய விடுங்க. மேனேஜர மாத்தணும்" என்றார் இனிகோ.

மேனேஜர் பொன்னுதுரை, ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஊர் நாசரேத். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். ஆள் எடுப்பது, பழக்குவது, இடைவேளைக்கு எலுமிச்சம்பழம் நறுக்குவது எல்லாம் அவர்தான். சம்பளம் கிடையாது.

"சாரு நல்ல மனுசன்லா" என்று சங்கரபாண்டியன் இழுத்தார்.

"நல்ல மனுசன் கோயிலுக்கு வேணும் அண்ணாச்சி. கிளப்புக்கு எதுக்கு? மொதப் பாதியில நம்ம பையலுவ பம்பரமாச் சுத்துதானுவ. ரெண்டாம் பாதியில ஒருத்தனுக்கும் கால் நகர மாட்டுக்கு. பையனுக்குத் தெம்பு ஏத்தத் தெரியாதவன் என்ன மேனேஜரு?"

எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டாம் பாதியில் கால் நகரவில்லை என்பது உண்மைதானே. அதோடு நிறுத்தியிருக்கலாம். தலையாட்டுகிற கூட்டத்தைக் கண்டால் இனிகோவுக்கு நாக்கு நிற்காது.

"இன்னொண்ணும் சொல்லுதேன். நாசரேத்து டீமுகிட்டத் தோத்தமே, அன்னைக்கு அவரு மூஞ்சியப் பாத்தியளா? சொந்த ஊரு ஜெயிச்ச சந்தோசம் அப்படியே தெரிஞ்சுதுல்லா?"

அன்று பொன்னுதுரை மேற்கு வெயிலுக்கு எதிரே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அவ்வளவுதான். அது இனிகோவுக்கும் தெரியும். ஆனால் சொன்ன பிறகு அவருக்கே அது நிஜம் போலத் தோன்றிவிட்டது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், வலைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கிக்குப் பின்னாலுள்ள கிளப் அறையில் பொதுக்கூட்டம் கூடியது. ஆட்டக்காரர்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். தொண்டை கிழியப் பேசி முடித்துவிட்டு இனிகோ உட்கார்ந்தார். சார் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று சங்கரபாண்டியன் கேட்டார். பொன்னுதுரை எழுந்து ஆட்டக்காரர்கள் பக்கம் பார்த்தார். தனராஜ் தலை குனிந்துகொண்டான்.

"சொல்லதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் பொன்னுதுரை.

அவரை நீக்கச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னபோது இனிகோ இரண்டு கையையும் தூக்கினார். அறையே சிரித்தது. பொன்னுதுரையும் மரியாதைக்குச் சிரித்தார். பிறகு பந்து வைக்கும் பெட்டியின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அடுத்த மேனேஜர் யார் என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் இனிகோவைத்தான் பார்த்தார்கள். அவரும் ரொம்ப நேரம் மறுக்கவில்லை.

வீட்டில் மனைவி ரோஸ் மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள். "ஒரு வாத்தியாரப் போயி அத்தன பேரு முன்னால கேலி பண்ணிட்டு வந்திருக்கீய."

"ஒனக்குப் பந்தப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டு அவர் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை கரையில் கோதுமைக் கப்பல் நின்றது. மேனேஜரான சந்தோஷத்தில் இனிகோ வழக்கத்தைவிட உரக்க ஆங்கர் கிளப் பெயர்களைக் கூப்பிட்டார். நால்வர் உள்ளே போனார்கள். மறுநாள் ஆட்டத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக, கூட்டத்துக்குள் நின்று கத்தாமல் கோட்டோரமாக நின்று பார்த்தார். முதல் பாதி நன்றாகவே போனது. இடைவேளையில் எலுமிச்சம்பழத் துண்டுகளைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். கோல் கம்பத்து நிழலில் நாலு பேர் மல்லாந்து கிடந்தார்கள். தனராஜ் கையில் கொடுத்த துண்டு வாய்க்குப் போகவில்லை. அது அவன் நெஞ்சின் மேல் கிடக்க, அவன் வாயைத் திறந்து உறங்கிக்கொண்டிருந்தான்.

"ஏலே, ஆட்டத்துக்கு நடுவுல உறங்குதியா?"

தனராஜ் பதறி எழுந்தான். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. "ராத்திரி முழுக்க மூட தூக்குனோம் அண்ணாச்சி. கோயிலுக்குப் போயிட்டு வந்து சித்த நேரந்தான் படுத்தேன்."

"சனிக்கிழம தோறும் இப்படித்தானா?"

பக்கத்தில் கிடந்தவன்தான் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "நீங்கதான கூப்பிடுதீய."

இனிகோவுக்குத் தட்டைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. பழைய துறைமுகத்தில் ராத்திரி வேலை இல்லை. அப்போது கிளப் ஜெயித்தது. புதுத் துறைமுகத்தில் ராத்திரி வேலை வந்தது. பையன்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து, ஆட்டத்துக்கு முந்தின ராத்திரியெல்லாம் அவர்களை முதுகொடிய வைத்தவர் அவரே. ஊர் முழுக்கப் பார்க்க வாசலில் நின்று கூப்பிட்டும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவருக்கும் உறைக்கவில்லை.

"பொன்னுதுரை சாருக்குத் தெரியுமா இது?"

"தெரியும். ஒங்ககிட்ட வந்து சொல்லுதேன்னாரு. நாங்கதான் காலப் பிடிச்சு வேண்டாம்னுட்டோம்."

"ஏம்ல?"

தனராஜ் மற்றவர்களைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்: "சிலுவைக்கு நடந்தது எங்களுக்கும் நடந்துரும்னுதான்."

சிலுவையும் அவரிடம் மூட்டை தூக்கியவன். போன தவசுகாலத்தில் பிள்ளைக்குச் சுகமில்லை என்று ராத்திரி ஷிப்டு வேண்டாமென்றவன். நான் கூப்பிட்டு வராதவனா என்று இனிகோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அதன் பிறகு அவன் பெயரை அவர் கூப்பிடவே இல்லை. அவன் தினமும் வந்து நின்று பார்த்தான். ஈஸ்டரும் கழிந்தது. கடைசியில் உப்பளத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். இனிகோ அதை அன்றே மறந்துவிட்டார். பையன்கள் மறக்கவில்லை.

இரண்டாம் பாதியில் யாருக்கும் கால் நகரவில்லை. கூட்டத்திலிருந்து யாரோ, "மேனேஜர மாத்துங்கல" என்று கத்தினான். இனிகோ திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. மைதானம் காலியாகும்வரை அந்த எலுமிச்சம்பழத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வேப்பமரத்தடியில் போய்க் காத்திருந்தார். பொன்னுதுரை அவரைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"கூட்டத்துல ஏன் சார் சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கு நான்லா தலகுனிஞ்சிருப்பேன்."

"சொல்லியிருந்தா மேனேஜர் வேல எனக்கு நெலச்சிருக்கும்" என்றார் பொன்னுதுரை. "அவனுவ வேல நெலச்சிருக்குமா?"

"என்னைய அப்படியா சார் நெனச்சீய?"

பொன்னுதுரை இல்லை என்று சொல்வார் என்று இனிகோ எதிர்பார்த்தார். அவரோ சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இனிகோ திரும்ப வரும்படி கேட்டார். பையன்களுக்காக வருகிறேன் என்றார் அவர்.

அடுத்த கூட்டத்தில் இனிகோ எழுந்தார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார்.

"தப்பு என்மேலதான். சாரப் போகச் சொன்னது தப்பு. நான் எறங்கிக்கிடுதேன், அவரு வரட்டும்."

அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறப்பதற்குள் கைதட்டல் கிளம்பிவிட்டது. சங்கரபாண்டியன் ஓடிவந்து தன் தோள் துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார். "பதவிய விட்டுக்குடுக்க எம்புட்டுப் பெரிய மனசு வேணும்" என்றார். ராத்திரி ஷிப்டு, சிலுவை, பையன்களின் பயம் எல்லாம் இனிமேல்தான் சொல்ல வேண்டியிருந்தது. பொன்னுதுரை பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இனிகோ துண்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். மனுஷனுக்கு அவ்வளவுதான் தைரியம் இருந்தது. அன்று ராத்திரி ரோஸ் போட்ட சோற்றை அளைந்துவிட்டுக் கையைக் கழுவினார்.

சனிக்கிழமை வந்தது. கரையில் உரம் ஏற்றி வந்த கப்பல் நின்றது. வாசலில் வழக்கமான கூட்டம். பேச முடியாததைச் செய்துவிடலாம் என்று இனிகோ தீர்மானித்திருந்தார். வேறு வேறு பெயர்களாகக் கூப்பிட்டார். தனராஜ் முன்வரிசையில் நின்று, ஒவ்வொரு பெயருக்கும் காலை எடுத்து வைத்துப் பின் இழுத்துக்கொண்டான். கடைசிப் பெயரும் முடிந்தது. வாசலில் மிஞ்சியவர்களில் ஆங்கர் கிளப் பையன்கள் எல்லோரும் இருந்தார்கள். தனராஜ் மெல்லக் கிட்டே வந்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, அன்னைக்கு மைதானத்துல ஒறக்கக் கலக்கத்துல என்னவோ சொல்லிட்டோம். மனசுல வச்சுக்கிடாதீய."

இனிகோவுக்குச் சுருக்கென்றது. "கோவம் இல்லல. நாளைக்கு ஆட்டம். அதுக்குத்தான் கூப்பிடல. போயி நல்லா உறங்கு. திங்கக்கிழம பகல் ஷிப்டுக்கு ஒங்களத்தான் மொதல்ல கூப்பிடுவேன்."

"வீட்டுல தங்கச்சி கல்யாணம் வருது அண்ணாச்சி. ராத்திரி மூடய எம்புட்டு வேணும்னாலும் தூக்குதேன்."

"ஏலே, சத்தியமா கோவம் இல்ல."

தனராஜ் அவர் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். நம்பவில்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்தது.

"சரி அண்ணாச்சி" என்றான்.

குரலைத் தாழ்த்தி, லேசாகத் தலை குனிந்து, இரண்டடி பின்னால் போய்த்தான் திரும்பினான். அந்த வாசலில் எல்லோரும் இனிகோவிடம் அப்படித்தான் சரி என்பார்கள், அப்படித்தான் திரும்பிப் போவார்கள். இத்தனை நாளாக அவர் அதை மரியாதை என்று நினைத்திருந்தார்.